இண்டைக்கு நான் ஆர்?

யாருடன் கதைத்தாலும் அவர் முதலில் அரை அடி பின்னுக்குப் போவார். வயதானவர்களின் தள்ளாட்டம் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் கவனித்தேன். யன்னல் எந்தப் பக்கம், மின்குமிழ் எங்கே என்று ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு, தன் நிழல் எதிரே நிற்பவரின் முகத்தில் விழாதபடி விலகி நிற்கிறார். மருந்து கொண்டுவரும் தாதியாக இருக்கட்டும், அழுக்கு உடுப்பு எடுக்கப் போகும் நானாக இருக்கட்டும், வெளிச்சம் எங்களுக்கு. அவர் நிற்கிற இடம் எப்போதும் கொஞ்சம் இருட்டு.

எனக்கு அது பிடிக்கவில்லை. வெளிச்சத்தில் நிற்பது எனக்குச் சின்ன வயதிலேயே ஒத்துவராது. மன்னாரில் படிக்கும்போது பள்ளிக்கூடக் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் என்னை இடையர்களில் ஒருத்தியாக நிறுத்தினார்கள். "அதோ, நட்சத்திரம்!" என்று மட்டும் சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை. பக்கத்தில் ஆடாக நின்ற பிள்ளைதான் எனக்காகச் சொன்னது. அதற்குப் பிறகு என்னை எவரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

"ஏன் முகத்தைத் திருப்பிறீங்கள்?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"வெயில் கண்ணிலை குத்துது."

"அது உங்களுக்கெண்டு நான் விட்ட வெயில். வீணாக்காதேங்கோ."

நாங்கள் கதைத்தது பிரெஞ்சில். அவருடையது அமெரிக்கன் வாயில் நசிபட்ட பிரெஞ்சு. என்னுடையது வேலைசெய்து பொறுக்கிய பிரெஞ்சு. இங்கே நான் அதை எங்கள் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன். என் காதில் அவர் அப்படித்தான் விழுந்தார்.

சுவிற்சர்லாந்தின் நொஷாட்டலில், ஏரியைப் பார்த்த சரிவில் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலை செய்கிறேன். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, படுக்கை விரிப்பது. அவர் அங்கே முதலாம் மாடியில் இருந்தார். அந்த அறையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். நான் சொல்கிறவர் அமெரிக்காவில் சினிமா நடிகராக இருந்தவர் என்று சொன்னார்கள். வீட்டில் போய் இதைச் சொன்னேன். என் மனுசன் முன்னொரு காலத்தில் சூரிச்சில் ஒரு தமிழ் வீடியோக் கடையில் நின்றவர். சினிமா விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவர்.

"பேர் என்னவாம்?"

சொன்னேன்.

"கேள்விப்படேல்லை. உப்பிடி எத்தினை பேர் சொல்லிக்கொண்டு திரியினம்."

ஒரு சனிக்கிழமை நான் மீன் வெட்டிக்கொண்டு நிற்க, உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "இஞ்சை ஓடி வாருமப்பா! உம்மடை ஆள் நிக்கிறார்!"

மீன் கையோடு ஓடினேன். தொலைக்காட்சியில் பழைய குதிரைச் சண்டைப் படம். மதுக்கடைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு மெல்லிய இளம் ஆள் உள்ளே வந்தார். உள்ளே இருந்த கதாநாயகனைப் பார்த்தார். அரை அடி பின்னுக்குப் போனார். வெடி கேட்டது. விழுந்துவிட்டார்.

"செத்திட்டாரோ?"

"ஓம். கதவைத் திறந்தார், செத்தார். அவ்வளவுதான் பாகம்."

அன்றிலிருந்து என் மனுசனுக்கு அதுவே வேலையாகிவிட்டது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் கைபேசியில் அவரைத் தேடுவார். ஒருநாள் தலையை ஆட்டிவிட்டுப் போகிற டாக்குத்தர். இன்னொருநாள் லொறிச் சாரதி. பிறகு நீதிமன்றத்தில் இரண்டாம் வரிசையில் குந்தியிருக்கும் ஆள். "இந்தப் படத்திலை ஆள் பிணம். ஆனா நல்ல பிணம் பாரும். மூச்சு விடுறது துண்டறத் தெரியேல்லை."

நான் இதை அவரிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"உங்கடை மனுசனிட்டைச் சொல்லுங்கோ, பிணத்துக்கு மூச்சுப் பிடிக்கிறது பெரிய வேலையில்லை. பக்கத்திலை இருந்து அழுற பிள்ளைக்கு அழ வசதியா முகத்தைக் குடுக்க வேணும். அவள் நல்லா அழுதாள் எண்டால் நான் நல்லாச் செத்தன் எண்டு அர்த்தம்."

"எல்லாமா எத்தினை படம் நடிச்சீங்கள்?"

"அந்தக் கணக்கெல்லாம் என்ரை மனுசிதான் மனதிலை வைச்சிருந்தவ. அவ மறந்திட்டா. இப்ப அது ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் மனைவி மேல் மாடியில், மறதி வந்தவர்களுக்கான பகுதியில் இருந்தார். பிறந்த ஊர் நொஷாட்டல்தான். இளம் வயதில் அமெரிக்கா போய், படப்பிடிப்புகளில் முகப்பூச்சு வேலை செய்தவர். அவருக்கு மீசை ஒட்டியதும், கன்னத்தில் தழும்பு போட்டதும், முப்பது வயதில் கிழவனாக்கியதும் அந்த அம்மாவின் கைதான். மறதி தொடங்கியபோது முதலில் ஆங்கிலம் போனது. சின்ன வயதுப் பிரெஞ்சு மட்டும் மிஞ்சியது. அதனால்தான் அவர் அமெரிக்காவில் இருந்த வீட்டை விட்டு, தள்ளாத வயதில் பிரெஞ்சு படித்துக்கொண்டு, மனைவியை அவருடைய ஊருக்கே கூட்டி வந்தார்.

வந்த புதிதில் நடந்ததை நான் நேரே பார்த்தேன். அந்த அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். இவர் உள்ளே வந்து, "நான்தான், உன்ரை புருஷன்" என்றார். அந்த அம்மா அலறிவிட்டார். அவருடைய புருஷன் கறுத்த முடி உள்ள இளம் ஆள். இந்தக் கிழவன் யார்? பொலிசைக் கூப்பிடுங்கோ! மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸ் பறந்து வந்தது.

அவர் வாதாடவில்லை. அரை அடி பின்னுக்குப் போனார். "மன்னிக்க வேணும் மதாம், கதவு மாறி வந்திட்டன்" என்று தலையைக் குனிந்துவிட்டு வெளியே போனார்.

நான் பின்னால் போனேன். நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து கேட்டார்.

"அவ இண்டைக்கு ஆரை எதிர்பாக்கிறா? அந்த அறைக்குள்ளை இண்டைக்கு நான் ஆர்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சொன்னேன். "ஹீற்றர் திருத்துற ஆள் வரேல்லை எண்டு விடியத் தொடக்கம் ஏசிக்கொண்டிருக்கிறா."

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுப்பட்டது. சேட்டுக் கையை மடித்துவிட்டு, கட்டடப் பராமரிப்பாளரிடம் இரவல் வாங்கிய முறுக்குச் சாவியோடு அவர் நின்றார். சப்பாத்துக்கூட வேறு. நடையும் வேறு. "பிந்திப்போச்சு மதாம், மன்னியுங்கோ." முழங்கால் வருத்தக்காரர், ஹீற்றருக்குப் பக்கத்தில் முட்டுக்காலில் இருந்து தட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா மேலே நின்று ஏசினார். பிறகு ஏச்சு ஓய்ந்து கதை தொடங்கியது. தன் புருஷன் படப்பிடிப்புக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார், நல்ல மனுசன், ஆனால் ஒரு ஆணி அடிக்கத் தெரியாது என்றார்.

"அப்பிடியோ மதாம்" என்றார் ஹீற்றர்காரர்.

வெளியே வந்தபோது அவரால் நேராக நிற்க முடியவில்லை. முகம் மட்டும் கல்யாணம் முடிந்து வந்த ஆளைப் போல் இருந்தது. "அரை மணித்தியாலம் என்ரை பெண்சாதியோடை இருந்திட்டன்" என்றார்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. காலையில் நான் முதலில் போய் அந்த அம்மாவைக் குளிக்க வார்த்து உடுத்துவேன். அன்றைக்கு அந்த அம்மாவின் மனம் யாரைத் தேடுகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். நடைபாதையில் அவர் காத்துக்கொண்டு நிற்பார். "இண்டைக்கு நான் ஆர்?" பியானோ சுதி கூட்டுகிறவர், நாய் பார்க்கிற டாக்குத்தர், தபால்காரர் என்று நான் சொல்லுவேன். எந்தப் பாகத்தையும் அவர் மறுத்ததில்லை. எந்தப் பாகத்தையும் பெருப்பித்ததுமில்லை. தபால்காரர் என்றால் தபால்காரர்தான்.

"அவ உங்களைப் பற்றித்தானே கதைச்சவ. 'புருஷனிலை உங்களுக்கு விருப்பமோ மதாம்' எண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"தபால்காரன் அதைக் கேப்பானோ?" என்றார்.

ஒரேயொரு தடவைதான் எங்களுக்குள் பிரச்சினை வந்தது. அன்றைக்கு அந்த அம்மா பாதிரியாரைத் தேடினார். நான் கத்தோலிக்கப் பெண். "வேறை என்னவும் செய்யுங்கோ. பாவசங்கீர்த்தனம் மட்டும் கேட்டீங்களெண்டால் நான் நாளையிலிருந்து உங்களுக்கு ஒண்டும் சொல்லமாட்டன்" என்றேன். மார்பில் கைவைத்துச் சத்தியம் செய்தார். உள்ளே போய் இருந்ததுமே அந்த அம்மா தொடங்கிவிட்டார். "சுவாமி, நான் பாவம் செய்தனான்..."

"இண்டைக்கு விடுமுறை மதாம்" என்றார் இவர். "பாவமெல்லாம் நாளைக்கு. இண்டைக்குக் கோப்பி குடிப்பம்."

இலையுதிர் காலத்தில் அந்த அம்மா சாப்பாட்டை விட்டார். கரண்டியைக் கொண்டுபோனால் தட்டிவிடுவார். வாயை இறுக்கிக்கொள்வார். கன்னம் ஒட்டிவிட்டது. டாக்குத்தர் வந்து பார்த்தார். பொறுப்புத் தாதி நடைபாதையில் இவரிடம் மெதுவாகச் சொன்னார். அடுத்த முறை டாக்குத்தர் வரும்போதும் இப்படியே இருந்தால் மலைக்கு மேலே உள்ள ஒரு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டிவரும். அதற்கு ரயிலேறி, பிறகு பஸ் பிடித்துப் போக வேண்டும். இவருடைய முழங்காலுக்கு அது நடக்காத காரியம். ஆளை ஆள் பார்க்க முடியாமல் போய்விடும்.

நான் தட்டோடு பக்கத்தில் நின்றேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர் தன் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் நின்றார். அது தாதியின் முகத்தில் விழுந்து கிடந்தது.

அடுத்தடுத்த நாட்களில் எல்லாப் பாகமும் போட்டுப் பார்த்தார். கையில் வெள்ளைத் துவாயைப் போட்டுக்கொண்டு உணவகப் பரிசாரகராக வந்தார். "நான் இதைச் சொல்லேல்லை, கொண்டு போங்கோ" என்றார் அந்த அம்மா. டாக்குத்தராக வந்தார். "டாக்குத்தர்மாரை நான் நம்பிறேல்லை" என்றார். சமையல்காரராக வந்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது நடந்தது என் பிழை. எங்கள் ஆட்கள் மட்டும்தான் அப்படி ஒரு பிழை விடுவார்கள். வயதான எந்தப் பெண்ணையும் நாங்கள் அம்மா என்றுதானே கூப்பிடுவது? கடையிலும் அம்மா, கோயிலிலும் அம்மா. பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழும்பாது. அன்று மத்தியானம் சூப்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக் கெஞ்சிக் களைத்துப்போய், என்னை அறியாமல் அந்த அம்மாவைப் பிரெஞ்சிலும் அப்படியே வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டேன். "மமான், கொஞ்சம் சாப்பிடுங்கோ மமான்." பிரெஞ்சில் அந்தச் சொல் பெற்ற தாய்க்கு மட்டும்தான்.

அந்த அம்மா திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கையடி போயிருந்தனீ இவ்வளவு நாளும்?"

வாயைத் திறந்தார். நான் கரண்டியை வைத்தேன். விழுங்கினார். இன்னொன்று. இன்னொன்று.

கோப்பை பாதி ஆனபோது கதவு தட்டுப்பட்டது. தபால்காரர். காலையில் நான் கொடுத்த பாகம் அதுதான்.

"உள்ளுக்கு வாங்கோ" என்றார் அந்த அம்மா. "இது ஆர் தெரியுமோ? என்ரை மகள்."

அவர்களுக்குப் பிள்ளையில்லை. இந்தப் படம் முடியட்டும், அடுத்த படம் முடியட்டும் என்று இருவரும் தள்ளிப்போட்டுக் காலம் போய்விட்டது என்று பிறகுதான் எனக்குச் சொன்னார். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் வசனத்தை மறந்து நின்றார் என்பதுதான். அப்படி நான் முன்பும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. பிறகு மெல்ல யன்னலை விட்டு அரை அடி பின்னுக்குப் போனார். வெளிச்சம் என்மேல் விழுந்தது.

"உங்கடை சாயல் அப்பிடியே இருக்கு, மதாம்."

அந்த அம்மா என் கறுத்த கையைத் தன் வெள்ளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கொஞ்சம் வெயில் பட்டிட்டுது" என்றார்.

சமையலறையில் வேலை செய்கிற பவளம் அக்காவுக்கு இது தெரியவர நேரம் எடுக்கவில்லை. அவர் மட்டக்களப்பு. "என்னகா, வெள்ளக்காரிக்கு மகளாப் பொறந்திட்டியாமே! நான் மாஞ்சு மாஞ்சு சமைக்கிற சூப்பு, நீ ஒரு சொல்லுச் சொன்னாத்தான் இறங்குதாம். மறுகா நான் என்னத்துக்குகா இஞ்ச நிக்கிற?"

பொறுப்புத் தாதி சிரிக்கவில்லை. என்னை அழைத்தார். அவர் உன் தாய் இல்லை, அவருக்கென்று ஒரு பேர் இருக்கிறது, இங்கே ஒருவரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இவர் எப்படியோ கேள்விப்பட்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்துவிட்டார்.

"மதாம், படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கேக்கை நடிகையை மாத்தக்கூடாது."

"இது சினிமா இல்லை, மெசியு."

"தெரியும். சினிமா எண்டால் நான் இவ்வளவு பயப்படமாட்டன்."

தாதி, டாக்குத்தர் வரும்வரை இப்படியே இருக்கட்டும் என்றார்.

எனக்குத்தான் பயம். நாளைக்கும் நான் மகளாகப் போக வேண்டும். நட்சத்திரம் என்று ஒரு சொல் சொல்ல முடியாதவள். "நான் என்ன கதைக்கிறது? எனக்கு நடிக்கத் தெரியாது" என்றேன்.

"ஒண்டும் செய்யாதேங்கோ. அவவைப் பாத்துக்கொண்டிருங்கோ. அவ சொல்லுறதைக் கேளுங்கோ. நான் சீவியம் முழுக்கச் செய்த வேலை அதுதான். கதாநாயகன் கதைப்பான், நான் கேப்பன். நான் ஒழுங்காக் கேட்டாத்தான் சனம் அவனை நம்பும்."

அப்படியே செய்தேன். அந்த அம்மா பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார், தலைமுடி ஏன் இப்படிக் கறுப்பு என்று கேட்டார், குளிருக்குக் காலுறை போடவில்லை என்று ஏசினார். கேட்டுக்கொண்டே தீத்தினேன். டாக்குத்தர் மறுபடி வந்தபோது கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. மலைக்கு மேலே அனுப்புகிற பேச்சை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

பனி பெய்த ஒரு மத்தியானம் நடைபாதையில் வழக்கம்போல் கேட்டார். "இண்டைக்கு நான் ஆர்?"

"தெரியேல்லை. இண்டைக்கு அவ ஒருத்தரையும் தேடேல்லை."

கொஞ்சம் யோசித்தார். பிறகு எந்தப் பாகமும் இல்லாமல், தன் சொந்தச் சப்பாத்தோடு உள்ளே போனார். நான் கதவடியில் நின்றேன். மறுபடி கிளாஸ் பறக்கப்போகிறது என்று பயந்தேன்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவு நேரமோ? இருங்கோ" என்றார்.

அவரை யன்னல் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். சாப்பாட்டுத் துவாயை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கரண்டி பிடிக்க மறந்த விரல்கள் அந்த வேலையை மறக்கவில்லை. நெற்றி, புருவம், கண்ணோரம் என்று மெல்லத் தடவிக்கொண்டு போயின.

"நல்ல வேலை" என்றார். "ஆர் போட்டது இந்தச் சுருக்கங்களை?"

"நீங்கள்தான், மதாம்."

"நானோ?" கிட்டக் குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கிறன்."

"ஓம், மதாம்."

"சரி, வேலை முடிஞ்சுது. அழிச்சுவிடுறன், வீட்டை போங்கோ. உங்களையும் ஆரும் பாத்துக்கொண்டிருப்பினம்." என் பக்கம் திரும்பி, "பிள்ளை, ஈரத் துவாய் ஒண்டு கொண்டு வா" என்றார்.

நனைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா துடைத்தார். நெற்றியைத் துடைத்தார், கன்னத்தைத் துடைத்தார், மறுபடியும் நெற்றியைத் துடைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நான் அவரை முழு வெளிச்சத்தில் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"இது போகாது போல கிடக்கு" என்றார் அந்த அம்மா கவலையாக.

"பரவாயில்லை மதாம். நான் இதோடையே போறன்."

பனி உருகத் தொடங்கிய நாட்களில் அந்த அம்மா நித்திரையிலேயே போய்விட்டார். தேவாலயத்துக்கு என் மனுசனும் வந்தார். "எல்லாப் படமும் பாத்தனான் எண்டு சொல்லப்போறன்" என்று வழி முழுக்கப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் முன் வரிசையில், ஓரத்தில் இருந்தார். என் மனுசன் அவர் கையைப் பிடித்தார். அழத் தொடங்கிவிட்டார். அவர் அரை அடி விலகி, என் மனுசன் அழ வசதியாக முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. சண்டை பிடிக்கவில்லை, தட்டிவிடவில்லை. "பிறகு" என்பார். வைத்த தட்டு வைத்தபடி திரும்பிவரும். பவளம் அக்கா கூட ஏசவில்லை. ஒரு கோப்பை சூப்பை என் கையில் தந்து, "நீ போய்ப் பாருகா" என்று மட்டும் சொன்னார்.

அவர் யன்னலுக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். வெளியே ஏரி வெளுத்துக் கிடந்தது. கோப்பையை வைத்தேன். திரும்பாமல், பழைய கேள்வியைக் கேட்டார். குரலில் ஒன்றும் இல்லை.

"இண்டைக்கு நான் ஆர்?"

மேல் மாடியில் எவரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்தில் எனக்காகச் சொல்ல அந்த ஒளிவிழா ஆடும் இல்லை.

"பப்பா" என்றேன். "கொஞ்சம் சாப்பிடுங்கோ, பப்பா."

அவர் அசையவில்லை. இத்தனை படங்களில் எவரும் அவருக்குக் கொடுக்காத பாகத்தைக் கொடுத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். பிறகு கதிரை நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது. என் பக்கம் திரும்பினார். இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்து, அரை அடி ஓரமாகப் பின்னுக்கு இழுத்து இருந்துகொண்டு, வாயைத் திறந்தார்.

யன்னல் வெளிச்சம் முழுதும் என் முகத்தில் விழுந்தது. நான் முகத்தைத் திருப்பவில்லை. கரண்டியை எடுத்தேன்.